செட்டிநாட்டு வீட்டில் மாதுளை: குச்சி ஊன்றுவது முதல் பழம் பறிப்பது வரை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் மாதுளையை உயிரோடு வைத்திருப்பதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீட்டின் பின்கட்டில் நிற்கிற மரம்கூட ஐப்பசி மழையில் தழைத்து, மாசி பங்குனியில் சிவக்கச் சிவக்கப் பூத்துவிடும். பாடு அதற்கப்புறம்தான். பூவில் பாதி கொட்டும். நின்ற பிஞ்சில் புழு விழும். அதிலும் தப்பியது, ஆவணியில் ஒரு மழை பெய்ததும் வாய் பிளந்துவிடும். மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் போய்த்தான் நிற்கின்றன. எவ்வளவு விடுகிறோம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. எப்போது நிறுத்துகிறோம், நிறுத்திய பிறகு எப்படித் தொடங்குகிறோம், காய் பிடித்தபின் முறை தவறாமல் விடுகிறோமா, இந்த மூன்றும்தான் கணக்கு. நடவு, உரம், பூச்சி எல்லாம் கீழே வரிசையாக வருகின்றன. ஆனால் நேரமில்லாதவர்கள் மார்கழித் தாகம், வெடிப்பு என்ற இரண்டு பகுதிகளை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

நம் ஊருக்கு இது ஏற்ற மரமா?

மாதுளையின் பூர்வீகம் ஈரானில் தொடங்கி வட இந்திய இமயமலைச் சரிவு வரைக்கும் உள்ள வறண்ட நிலம். குளிர் கடுமையான ஊர்களில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும், நம் ஊரில் வருடம் முழுவதும் பச்சையாகவே இருக்கும். வெயில் தாங்கும், வறட்சி தாங்கும், ஓரளவு உவர்ப்பும் தாங்கும். தாங்காதது இரண்டு: வேரில் தேங்குகிற தண்ணீர், பழம் முற்றுகிற நேரத்தில் கொட்டுகிற மழை.

சிவகங்கை மாவட்டத்தில் வருடத்துக்கு சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதிகமாகக் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில்தான், ஆவணி புரட்டாசியில் சாயங்கால இடிமழையும் உண்டு. பூத்ததிலிருந்து பழம் முற்ற 5 முதல் 6 மாதம் ஆகும். அப்படியென்றால் மாசியில் பூக்க வைத்தால் ஆடி, ஆவணியில் பழம் வீட்டுக்கு வந்துவிடும், பெருமழைக்கு முன்னால் வேலை முடிந்துவிடும். ஆடியில் பூத்தது கார்த்திகை மழையில் மாட்டும். மரம் தன் போக்கில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பூக்கத்தான் செய்யும். எந்தப் பூவைக் காயாக்க வேண்டும் என்று முடிவு செய்வது நம் வேலை.

ரகம்

கடையில் 'காபூல்' என்று சொல்லி விற்கிற அடர்சிவப்புப் பழம் பெரும்பாலும் மகாராஷ்டிரத்திலிருந்து வருகிற பகவா. முத்து நல்ல சிவப்பு, விதை மிருது, தோல் கொஞ்சம் தடிமன், அதனால் வெடிப்பும் சற்றுக் குறைவு. வீட்டுக்கு ஒரே ஒரு மரம்தான் வைக்க முடியும் என்றால் நான் பகவாதான் சொல்வேன்.

கணேஷ் ரகம் பழைய, நம்பகமான ரகம். முத்து இளஞ்சிவப்பு, நல்ல இனிப்பு, மெத்தென்ற விதை, காய்ப்பும் அதிகம். மிருதுளா, அரக்தா இரண்டும் முத்து ரத்தச் சிவப்பாக இருக்கும், பழம் நடுத்தர அளவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு 1 ரகமும் உண்டு. அது பெயருக்கு ஏற்றபடி மலைச்சாரலுக்கு உகந்தது.

நாட்டு மாதுளையை ஒதுக்கிவிட வேண்டாம். விதை கடினம், புளிப்பு தூக்கலாக இருக்கும், ஆனால் கைமருந்துக்கும் சாறுக்கும் அதையே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவரும் கவனிக்காமல் விட்டாலும் பிழைத்துக் கிடப்பதும் அதுதான்.

குச்சியா, பதியமா, விதையா?

விதை வேண்டாம். முளைக்கும், வளரும், பூக்கும், ஆனால் தாய்மரத்தின் பழம் வராது. நாலைந்து வருடம் காத்திருந்து புளிப்பைப் பார்ப்பானேன்?

குச்சி நடுவது எளிது, செலவும் இல்லை. தையில் கவாத்து செய்யும்போது விழுகிற கிளைகளே போதும். பென்சில் பருமனுள்ள, ஒரு வருடம் முற்றிய, பச்சை போய்ச் சாம்பல் நிறம் ஏறிய குச்சியாகப் பாருங்கள். 9 அல்லது 10 அங்குல நீளம், நாலைந்து கணு. அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கம் நேராகவும் வெட்டிக்கொண்டால் எது தலை எது கால் என்ற குழப்பம் வராது. இலைகளைக் கிள்ளிவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றுங்கள். பாதி மணல், பாதி மக்கிய எரு கலந்த பை போதும். வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து, ஈரம் காயாமல் தெளித்து வந்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். வேர் ஊக்கித் தூள் கிடைத்தால் நல்லது. கற்றாழைச் சோறு தடவுகிறவர்களும் உண்டு. எதுவும் தடவாமலும் வேர் விடும், பத்துக் குச்சி ஊன்றினால் நாலைந்து தேறும், அவ்வளவுதான் வித்தியாசம்.

துளிர் வந்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம். குச்சியில் இருக்கிற சத்திலேயே முதல் இலை வந்துவிடும். பையின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறவரை இடம் மாற்றாதீர்கள்.

பக்கத்து வீட்டில் நல்ல மரம் இருந்தால் விண்பதியம் இன்னும் உறுதி. மழைக்காலத் தொடக்கத்தில் பென்சிலைவிடச் சற்றுத் தடித்த கிளையில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, நனைத்த தென்னை நார்க்கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பாலிதீன் தாளால் இரண்டு பக்கமும் இறுகக் கட்டிவிடுங்கள். ஒன்றரை மாதத்தில் தாளுக்குள் வேர் தெரியும்.

நர்சரியில் வாங்குவதானால் இலையில் எண்ணெய் பட்ட மாதிரி கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அது பாக்டீரியா கருகல் நோய். மகாராஷ்டிர, கர்நாடகத் தோட்டங்களையே ஆட்டிப்படைத்த நோய் அது, நாற்று வழியாகத்தான் ஊர் விட்டு ஊர் வருகிறது. புள்ளி ஒன்று இருந்தாலும் அந்த நாற்றை வாங்காமல் வந்துவிடுங்கள்.

இடம்

வளவு முற்றத்தில் தொட்டி வைத்து வளர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அழகாக இருக்கும், காய்க்காது. நாலு பக்கமும் தாழ்வாரம் உள்ள முற்றத்தில் உச்சி வெயில் இரண்டு மூன்று மணி நேரம்தான் விழும், மாதுளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அதனால் பின்கட்டைத் தாண்டிய தோட்டம்தான் அதற்கு இடம். அங்கேயும் கிணற்றடியை ஒட்டி வைக்காதீர்கள், எந்நேரமும் ஈரம், போதாததற்குச் சோப்புத் தண்ணீர்.

சுவரிலிருந்து 8 அடியாவது தள்ளி வையுங்கள். காரணம் நிழல் மட்டுமில்லை. பழைய வீடுகளைப் பழுது பார்க்கும்போதும் இடிக்கும்போதும் விழுந்த சுண்ணாம்புக் காரை பெரும்பாலும் தோட்டத்திலேயே புதைந்து கிடக்கும். இரண்டு அடி தோண்டினால் வெள்ளை வெள்ளையாக வரும். அந்த இடத்தில் வைத்த மாதுளையின் துளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மரத்தால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது, எவ்வளவு எரு போட்டாலும் அந்த மஞ்சள் போகாது. காரை வந்தால் இரண்டடி தள்ளித் தோண்டுவதுதான் வழி.

இரண்டு மரம் வைப்பதாக இருந்தால் நடுவில் 10 அடி விடுங்கள். கிளை நுனிகளில் முள் உண்டு, பிள்ளைகள் ஓடுகிற பாதையில் வேண்டாம்.

குழி

ஆவணி, புரட்டாசி நடவுக்கு நல்ல நேரம், வேர் இறங்குவதற்குள் மழை வந்துவிடும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் தையிலும் நடலாம்.

இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழம். கேட்க எளிதாக இருக்கிறது. செட்டிநாட்டில் பல இடங்களில் ஒரு அடிக்குக் கீழே செம்புறாங்கல் வந்துவிடும், மண்வெட்டி நின்றுபோய்க் கடப்பாரைதான் இறங்கும். கஷ்டப்பட்டு உடைத்துத் தோண்டி, நல்ல மண் போட்டு நிரப்பி, மரத்தையும் நட்டுவிடுவார்கள். சுற்றிலும் கல், நடுவில் பொலபொலவென்று மண், கார்த்திகையில் அந்தக் குழி தொட்டியாகிவிடும். வெளியே மண் காய்ந்திருக்கும், உள்ளே வேர் அழுகிக்கொண்டிருக்கும்.

ஆகவே நடுவதற்கு முன் ஒரு சோதனை. குழி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். வடிந்திருந்தால் சரி. பாதி நின்றால், அடியில் இன்னும் ஒரு முழம் கடப்பாரையால் குத்தி உடைத்துப் பாருங்கள். அப்படியும் வடியவில்லை என்றால் குழியை மூடிவிட்டு, தரைமேலேயே ஒரு அடி உயரம், நாலடி அகலத்தில் மேடு கட்டி அதில் நடுங்கள். கல் நிலத்தில் என் ஓட்டு எப்போதும் மேட்டுக்குத்தான்.

தோண்டிய மேல்மண்ணோடு 10 கிலோ நன்றாக மக்கிய சாணி எரு, அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கு, இரண்டு கைப்பிடி எலும்புத்தூள் கலந்து நிரப்புங்கள். கண்மாய் வண்டல் கிடைத்தால் ஒரு பங்கு சேர்க்கலாம், நிறையச் சேர்த்தால் களியாக இறுகிவிடும். 'நன்றாக மக்கிய' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பாதி மக்கிய எருவும் வைக்கோலும் குழிக்குள் போனால் செம்மண் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. எரு கையில் எடுத்தால் சூடு இருக்கக்கூடாது, சாணி வாடையும் இருக்கக்கூடாது.

பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் செடியை வைத்து, மண்ணை மிதிக்காமல் கையால் அமுக்கி, ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். மண்ணைச் சோதித்துவிட்டு நட வேண்டும் என்று நினைப்பவர்கள் குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

முதல் மூன்று வருடம்

மாதுளை இயல்பில் புதர். அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு போத்து கிளம்பும். ஒரே தண்டாக வளர்த்தால் பார்க்க மரம் மாதிரி இருக்கும், ஆனால் தண்டுத் துளைப்பான் அந்த ஒன்றைத் தாக்கிவிட்டால் கதை முடிந்தது. மூன்று அல்லது நாலு நல்ல தண்டை, ஒன்றையொன்று விலகி நிற்பதாகப் பார்த்து விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அப்புறம் வருகிற போத்துகளை விரல் நீளத்தில் இருக்கும்போதே ஒடித்துவிட வேண்டும். முற்றவிட்டு வெட்டினால் ஒன்றுக்கு நாலாக வரும்.

முதல் கோடையில் ஒன்றுவிட்ட ஒருநாள் ஒரு வாளி தண்ணீர். இரண்டாம் வருடமே பூக்க ஆரம்பிக்கும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். மூன்றாம் வருடம் ஆசைக்குப் பத்துக் காய். நாலாம் வருடத்திலிருந்துதான் கணக்கு. எரு முதல் வருடம் 10 கிலோ, ஐந்தாம் வருடம் வரை 20 கிலோ, அதற்குமேல் 30 கிலோ. பாதியைத் தையிலும் பாதியை ஆவணியிலும் பிரித்துப் போடலாம்.

மார்கழித் தாகம்

பூக்க வைக்கிற சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மூன்று வயது தாண்டிய மரத்துக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

மழை ஓய்ந்ததும், பொதுவாக மார்கழி முதல் வாரத்தில், தண்ணீரை அடியோடு நிறுத்திவிட வேண்டும். பாத்தி கட்டியிருந்தால் வெட்டிவிட்டு, மண்மேல் பரப்பிய மூடாக்கை விலக்கி மண்ணைக் காயவிடுங்கள். முதல் பத்து நாளில் ஒன்றும் தெரியாது. அப்புறம் இலையின் பளபளப்பு போகும், அடி இலைகள் மஞ்சளாகும், காற்றடித்தால் உதிரும். பாதி இலை உதிர்ந்ததும் காயவிடுவதை நிறுத்திக்கொள்ளலாம். மெல்லிய செம்மண்ணில் இதற்கு மூன்று நாலு வாரம் போதும், ஆழமான வண்டல் மண்ணில் ஆறு வாரம் ஆகும். நாளை எண்ணாதீர்கள், இலையைப் பாருங்கள். கிளை நுனி சுருங்கி வாட ஆரம்பித்துவிட்டால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள்.

இந்த நேரத்தில் பார்க்கிறவர்கள் எல்லாரும் 'மரம் பட்டுப்போச்சே' என்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால், 'வாடிக் கெடந்துச்சு ஆச்சி, பாவமா இருந்துச்சு, நாந்தான் நாலு குடம் ஊத்துனேன்' என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் ஒரு மாதத் தவம் அந்த நாலு குடத்தில் கலைந்துவிடும்.

அடுத்து கவாத்து. காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, உள்நோக்கி வளர்ந்த கிளை, அடிப்போத்து இவற்றை எடுத்துவிட்டு, மற்ற கிளைகளில் நுனியை ஒரு சாண் அளவு வெட்டினால் போதும். பூவும் காயும் இரண்டு மூன்று வருடம் முற்றிய கிளைகளில் உள்ள குட்டைச் சிம்புகளில்தான் வரும். ரோஜாவை வெட்டுவதுபோல் மொட்டையாக வெட்டினால் அந்த வருடம் இலை மட்டும்தான். கத்தரிக்கோலை ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் டெட்டால் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, கிளை நிழல் விழுகிற விளிம்பில் வட்டமாக அரை அடி ஆழத்துக்குக் கொத்தி, எருவோடு ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும், அரைக் கிலோ கடலைப் பிண்ணாக்கும் போட்டு மூடுங்கள். அடுப்புச் சாம்பலைக் கொட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிற வீடுகளில் அதைத் தவிர்ப்பது நல்லது, உவரோடு உவர் சேரும்.

எரு வைத்ததும் ஆசையாகக் குழாயைத் திறந்துவிடாதீர்கள். முதல் நாள் ஒரு வாளி. இரண்டு நாள் விட்டு இரண்டு வாளி. அதற்கடுத்த முறை மூன்று. ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் முழுத் தண்ணீர். காய்ந்து கிடந்த மரத்துக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் பூவுக்குப் பதில் நீளநீளமாகத் துளிர் கிளம்பிவிடும். பொறுமையாகக் கொடுத்தால் மூன்று நாலு வாரத்தில் கிளையெங்கும் மிளகாய்ச் சிவப்பில் மொட்டுத் தெரியும்.

பூ

பூ கொட்டுகிறதே என்று கவலைப்படுவதற்கு முன் கொட்டிய பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்புப் பக்கம் குறுகி, வாய்ப் பக்கம் விரிந்து மணி மாதிரி இருந்தால் அது ஆண்பூ. நகத்தால் பிளந்தால் உள்ளே மஞ்சள் மகரந்தக் காம்புகள் நிறைய இருக்கும், சூல்பை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. அது கொட்டத்தான் வேண்டும். அடிப்பக்கம் சிறு குடம்போலப் புடைத்து, கெட்டியாக இருப்பதுதான் இருபால் பூ. காயாவது அது மட்டுமே. மரத்தில் பாதிக்கு மேல் ஆண்பூவாக இருப்பது சகஜம். புடைத்த பூவே தொடர்ந்து கொட்டினால்தான் குறை: தண்ணீர் முன்பின்னாகியிருக்கும், அல்லது இலைப்பேன், அசுவினி இருக்கும்.

தேனீ வராத வீட்டில் காலை வேளையில் மென்மையான தூரிகையால் ஆண்பூவின் மகரந்தத்தை எடுத்துப் புடைத்த பூவின் நடுவில் தடவிவிடலாம். பூத்திருக்கும்போது காலையில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட.

ஒரு கொத்தில் இரண்டு மூன்று பிஞ்சு நின்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இரண்டு காய் ஒட்டி உரசுகிற இடம்தான் புழு நுழைகிற வாசல்.

சித்திரை வெயிலும் வெடிப்பும்

காய் எலுமிச்சை அளவுக்கு வந்தபின் மரத்துக்கு வேண்டியது ஒரே சீரான தண்ணீர். கோடையில் வளர்ந்த மரத்துக்கு ஒன்றுவிட்ட ஒருநாள் மூன்று நாலு வாளி. தினமும் சொட்டுநீர் விட முடிந்தால் இன்னும் உத்தமம். இந்த வாரம் பத்து வாளி, அடுத்த வாரம் ஒன்றுமில்லை, அப்புறம் உறவுக்காரர்கள் வந்திருக்கிற நாளில் மோட்டார் போட்டு வெள்ளக்காடு என்று விட்டால் காய் வெடிக்காமல் என்ன செய்யும்? மண் காய்ந்து கிடக்கும்போது தோல் இறுகிவிடும். திடீரென்று தண்ணீர் கிடைத்ததும் உள்ளே முத்து வீங்கும், இறுகிய தோலால் விரிய முடியாது, பிளந்துவிடும். மழையானாலும் மோட்டார் தண்ணீரானாலும் இதேதான்.

இதிலிருந்து வருகிற ஒரு முடிவு பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். ஆடியில் வானம் இருட்டிக்கொண்டு வரும்போது, 'மழைதான் வரப்போகுதே' என்று தண்ணீரை நிறுத்தக்கூடாது. மண்ணில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் மழைத் தண்ணீர் மரத்துக்கு அதிர்ச்சியாக இராது. வறண்டு கிடந்தால்தான் வெடிப்பு.

பூட்டிய வீடுகளுக்கு நல்ல உபாயம் பானைப் பாசனம். மானாமதுரைப் பானை நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. வர்ணம் பூசாத, பத்து லிட்டர் பிடிக்கிற மண்பானை மூன்றை மரத்தைச் சுற்றி, தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, வாய் மட்டும் வெளியே தெரியப் புதையுங்கள். தண்ணீர் நிரப்பி ஓட்டுச் சில்லால் மூடிவிட்டால், மண் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு கசியும். இளஞ்செடிக்கு இது மட்டுமே போதும். காய்க்கிற மரத்துக்கு இது துணைதான், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் தவறினாலும் சமாளித்துக்கொள்ளும். பானையை வருடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துக் கழுவாவிட்டால் உப்புப் படிந்து கசிவு நின்றுவிடும்.

மண்ணுக்கு மேலே நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு: கடலைத் தொலி, காய்ந்த இலை, தென்னை ஓலைத் துண்டு, எது இருக்கிறதோ அது. தண்டை ஒட்டி ஒரு சாண் இடம் சும்மா விடுங்கள், கரையான் அங்கேதான் ஏறும்.

பிஞ்சிலேயே வெடித்தால் அது தண்ணீர்க் குறை மட்டுமாக இராது, போரான் சத்துக் குறையும் சேர்ந்திருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் போரிக் அமிலம் கரைத்து, பிஞ்சு பிடித்ததும் ஒரு தடவை, ஒரு மாதம் விட்டு இன்னொரு தடவை சாயங்காலம் தெளிக்கலாம். அளவு கூடினால் இலை ஓரம் கருகிவிடும், 'இன்னும் கொஞ்சம் போட்டால் நல்லது' என்ற கைப்பழக்கம் இதில் ஆகாது.

மேற்குப் பார்த்த காய்களில் வைகாசி வாக்கில் ஒரு பக்கம் மட்டும் தவிட்டு நிறத்தில் காய்த்துப்போகும். நோயில்லை, வெயில் சுட்டது. அடுத்த பகுதியில் வருகிற துணி உறையே அதற்கும் மருந்து.

புழு, பூச்சி, அணில்

மாதுளைக்குப் பெரிய எதிரி காய்த்துளைப்பான். சின்னதாக, நீலமும் பழுப்புமாக ஒரு பட்டாம்பூச்சி பூவிலும் இளங்காயிலும் ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். பொரித்த புழு காயைத் துளைத்து உள்ளே போய்விடும். அதன்பிறகு மேலே எதைத் தெளித்தாலும் பயனில்லை. சிறு ஓட்டை, அதைச் சுற்றிப் புழுக் கழிவு, கெட்ட வாடை இருந்தால் அந்தக் காயைப் பறித்து ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்துவிட்டு அப்புறம் குழியில் புதையுங்கள். கீழே விழுந்த காயை அப்படியே விட்டால் அடுத்த தலைமுறை அங்கிருந்துதான் கிளம்பும்.

தடுப்புக்கு உறைதான். காய் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே மாட்ட வேண்டும், மாங்காய் அளவுக்குப் பெருத்தபின் மாட்டினால் புழுவையும் சேர்த்துப் பொத்தி வைத்ததாகிவிடும். பழைய வேட்டித் துணி அருமையான உறை: காற்று போகும், வெளிச்சம் போகும், பட்டாம்பூச்சி போகாது. ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளத்தில் பை தைத்து, வாயில் நாடா கோத்து, காம்புக்கு மேல் கிளையோடு சேர்த்துக் கட்டுங்கள். காம்பிலேயே கட்டினால் எடை தாங்காமல் ஒடியும். பாலிதீன் பை வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்துக் காய் அழுகும்.

அணிலுக்குத் துணி ஒரு பொருட்டே இல்லை. கடித்துக் கிழித்துவிடும். சிறு கண் உள்ள கம்பி வலையைக் கூடை மாதிரி வளைத்து உறைக்கு மேல் மாட்டினால் ஓரளவு தப்பலாம். மரம் முழுக்க வலை போடுகிறவர்களும் உண்டு, கிளிக்கு அது சரி, அணில் எப்படியும் வழி கண்டுபிடிக்கும். பத்துக்கு இரண்டு அதன் பங்கு என்று வைத்துக்கொள்வது நிம்மதி.

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ துளிர்க் காலத்தில் வரும். முதலில் குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒருமுறை சாயங்காலம் தெளிக்கலாம். மாவுப்பூச்சி இருக்கிற மரத்தில் எறும்பு வரிசை கட்டி ஏறும், அந்த எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது.

திடீரென ஒரு கிளை மட்டும் மஞ்சளாகி வாடினால் தண்டைக் கவனியுங்கள். மரத்தூள் விழுந்திருந்தால் துளைப்பான்: ஓட்டையில் கம்பி விட்டுக் குத்தி, வேப்பெண்ணெய் நனைத்த பஞ்சை அடைத்து, மேலே களிமண் பூசுங்கள். தூள் இல்லாமல் வாடினால் வேரழுகலோ வாடல் நோயோ. வடிகால் வெட்டிப் பாருங்கள், பக்கத்தில் வேறு மாதுளை இருந்தால் முன்னதன் தண்ணீர் அதற்கு ஓடாமல் மறித்துவிடுங்கள்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு

நீல டிரம்மைப் பாதியாக வெட்டிய அளவாவது வேண்டும், அடியில் ஆறேழு ஓட்டை. செம்மண் இரண்டு பங்கு, எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. ரகம் பகவா அல்லது கணேஷ். மார்கழியில் தொட்டி மரத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் காய்ச்சல் போதும், அதற்குமேல் தாங்காது. சித்திரையில் தினமும் தண்ணீர், தொட்டியைச் சுற்றிச் சாக்குக் கட்டி வேரைச் சூட்டிலிருந்து காக்க வேண்டும். இருபது காய்க்குமேல் விடாதீர்கள்.

பறிப்பு

மாதுளை பறித்தபின் பழுக்காது. மாம்பழம் மாதிரி வைக்கோலில் வைத்துப் பயனில்லை, மரத்திலேயே முற்ற வேண்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பகவா முன்னாலேயே சிவந்துவிடும். உருண்டையாக இருந்த காய் பக்கவாட்டில் தட்டையாகி, விலா எலும்பு மாதிரி வரம்பு தட்டும். தலையில் உள்ள கிரீடத்தின் இதழ்கள் உள்நோக்கி மடியும். தோலின் மினுமினுப்பு குறைந்து சொரசொரப்பாகும். விரலால் சுண்டினால் பச்சைக் காய் பொத்தென்று கேட்கும், முற்றியது கணீரென்று கேட்கும்.

முறுக்கிப் பிடுங்காதீர்கள், தோல் கிழிந்து அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கத்தரிக்கோலால் காம்பை ஒட்டி வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பறிக்க வேண்டியதில்லை, மூன்று நாலு தவணையில் பறிக்கலாம். ஆனால் முற்றின காயை மழைக்கு முன் எடுத்துவிடுவது நல்லது. நல்ல காய் நிழலான அறையில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருக்கும், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் தாண்டியும் இருக்கும், தோல் சுருங்கினாலும் முத்து கெடாது. வெடித்ததை அன்றைக்கே உதிர்த்துவிடுங்கள். கறுத்த முத்து இருந்தால் அந்த அறையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடலாம், புளித்த வாடை வந்தால் முழுப் பழத்தையும் எருக்குழியில் போடுங்கள்.

பறித்து முடிந்ததும் ஆவணிக் கடைசியில் மீதி எருவை வையுங்கள். மழைக்கு முன் மரத்தடியை மேடாக்கி, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிவிடுங்கள். உறைகளைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வைத்தால் அடுத்த பங்குனிக்கு ஆகும். ஐப்பசியில் மறுபடி பூ வரும். கிள்ளிவிடுங்கள்.